விளக்கு எட்டு, எண் பதினாறு

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை தொலைபேசி மணி அடித்தது. பெங்களூரிலிருந்து ஒரு பெண் குரல்.

“சார், நான் 1987 பாட்ச். ஆனுவல் டே எக்ஸிபிஷன்ல விளக்குப் படம் போட்டேனே, ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இல்லாமல் என்ன? முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு முகங்கள் ஒன்றோடு ஒன்று கலங்கிப்போகும். ஆனால் சில விஷயங்கள் கலங்குவதில்லை.

“எட்டு விளக்கு ஒண்ணொண்ணா எரியுமே, அதுதானேம்மா?”

“அதேதான் சார். அந்தப் படம் உங்ககிட்ட இருக்குமா?”

விவரத்தைச் சொன்னாள். தென்காசிப் பக்கத்தில் அவள் பாட்டியின் வீடு. பாட்டி போன பிறகு வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்துவிட்டு கோடவுன் கட்டிவிட்டார். கல்யாண போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அந்த வாசலைக் கார்த்திகை விளக்குகளோடு யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. பெட்டி காமிராக்களின் காலம் அது. இருட்டில் அகல் விளக்கைப் பிடிக்கும் சக்தி அவற்றுக்கு ஏது? அம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஒவ்வொரு கார்த்திகைக்கும், “நீ கம்ப்யூட்டர்ல போட்டியே, அது எங்கடி?” என்று கேட்கிறாளாம்.

“தேடிப் பார்க்கறேன்” என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது. பிளாப்பி என்னிடம் இருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது, மறுபாதியை நானே அழித்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. படத்தில் பாதி எப்படி இருக்கும், எப்படிப் போகும் என்று வாசகர்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பள்ளிக்கு வந்த பெட்டி

1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டரைப் பழக்குவது நோக்கம். முதலில் சுமார் 250 பள்ளிகள். அவற்றுக்குத் தேர்ந்தெடுத்த இயந்திரம், பிரிட்டனில் 1981 டிசம்பரில் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ. கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் செய்தது. தொலைக்காட்சியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்த பி.பி.சி. எடுத்த முயற்சிக்காகப் பிறந்ததால் அந்தப் பெயர். வீட்டு டி.வி.யோடு இணைத்து உபயோகிக்கும்படியான பெட்டி. விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு.

தில்லியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கும் அது வந்தது. “கணக்கு வாத்தியார்தானே, நீங்களே பாருங்கள்” என்று பிரின்ஸிபால் என் தலையில் கட்டினார். பயிற்சிக்குப் போய்வந்தேன். பல நாள் மாணவர்களைவிட ஒரே ஒரு பாடம் முன்னால் இருந்தபடி சமாளித்தேன். சில நாள் ஒரு பாடம் பின்னால்.

வந்த மெஷின்களில் ஒன்றுக்குத்தான் கலர்த் திரை. மற்றவை கறுப்பு வெள்ளை. நம் நாட்டில் தூர்தர்ஷன் கலருக்கு மாறியதே 1982 ஆகஸ்ட் 15-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்போதும் கறுப்பு வெள்ளை டி.வி.தான். ஆகவே அந்த ஒரு திரைக்கு நடந்த போட்டியைச் சொல்லி முடியாது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

கலர் என்பது ஒரு எண்

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல்தான்.

பி.பி.சி. மைக்ரோவின் மொத்த நினைவகம் 32 கிலோபைட், அதாவது 32,768 பைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ இதைப்போல நூறு மடங்கு சாதாரணமாக இருக்கும். இந்த 32,768-க்குள்தான் திரையில் தெரியும் படமும் இருக்க வேண்டும், அதை வரைகிற புரோகிராமும் இருக்க வேண்டும்.

திரைக்கு 20,480 பைட் ஒதுக்கலாம். அந்தத் தொகையை எப்படிச் செலவழிப்பது என்பது நம் இஷ்டம். குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 256 புள்ளி என்று நுணுக்கமாக வரைந்தால் இரண்டே நிறம். 320 புள்ளி போதும் என்றால் நான்கு நிறம். 160 புள்ளி போதும் என்றால் பதினாறு. மாதச் சம்பளம் ஒன்றுதான். வாடகைக்குக் கூடக் கொடுத்தால் காய்கறியில் குறைக்க வேண்டும். இந்தக் கடைசி வகைக்கு ‘மோட் 2’ என்று பெயர். குழந்தைகளுக்கு அதுதான் பிடித்தது.

மோட் 2-ல் 160-ஐ 256-ஆல் பெருக்கினால் 40,960 புள்ளிகள். ஒரு பைட்டில் இரண்டு புள்ளி. அப்படியானால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது அரை பைட். அரை பைட்டில் 0 முதல் 15 வரை ஒரு எண்ணை எழுதலாம். அவ்வளவுதான். ‘இளநீலம்’, ‘கருஞ்சிவப்பு’ என்றெல்லாம் எழுத இடமில்லை. இன்று செய்வதுபோல ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று பைட் கொடுத்தால் 1,22,880 பைட் வேண்டும். மெஷினின் மொத்த நினைவகமே அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே படம் என்று நினைவகத்தில் இருப்பது வெறும் எண்கள். 5 என்றால் என்ன நிறம் என்பது படத்தில் இல்லை. அது தனியாக ஒரு பட்டியலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பாலெட் என்பார்கள். ஓவியர் கையில் வைத்திருக்கும் வண்ணப் பலகையின் பெயர்தான். படத்தைத் திரைக்கு அனுப்பும் சில்லு ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் எடுத்து, பட்டியலில் பார்த்து, அதற்குரிய நிறத்தைத் திரையில் போடும்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். ஒருவர் ஸ்வரங்களை மட்டும் எழுதித் தருகிறார். மேலே ராகத்தின் பெயரை எழுத மறந்துவிட்டார். ‘ரி’ என்று எழுதியிருக்கிறது. எந்த ரி? மாயாமாளவகௌளையின் ரியா, சங்கராபரணத்தின் ரியா? தாளில் இருப்பது ரி. எந்த ரி என்று சொல்வது ராகத்தின் பெயர். படம் ஸ்வரம்; பட்டியல் ராகம்.

பி.பி.சி. மைக்ரோவுக்குத் தெரிந்த நிறங்கள் எட்டே எட்டு: கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சயான் என்னும் வெளிர்நீலம், வெள்ளை. இவை 0 முதல் 7 வரை. மீதி 8 முதல் 15 வரை உள்ள எண்களுக்கு மெஷின் தானாகவே மின்னும் நிறங்களைக் கொடுத்து வைத்திருக்கும். 8 என்றால் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி. 9 என்றால் சிவப்பும் சயானும். 10 என்றால் பச்சையும் மெஜந்தாவும். அரை வினாடி இது, அரை வினாடி அது. பிடிக்காவிட்டால் நாம் மாற்றிக்கொள்ளலாம். ‘வி.டி.யு. 19’ என்று ஒரு கட்டளை. அதற்குப் பின்னால் 8, 3 என்று எழுதி மூன்று சைபர் போட்டால், எட்டாம் எண்ணுக்கு இனி மஞ்சள் என்று பொருள். திரையில் எட்டாம் எண் போட்ட புள்ளிகள் அத்தனையும் அந்தக் கணமே மஞ்சளாகிவிடும். படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொட வேண்டியதில்லை.

அவள் செய்த தந்திரம்

இந்தக் கட்டளையை வகுப்பில் சொன்னபோது பெரும்பாலான பையன்கள் திரை முழுவதையும் மின்ன வைத்து விளையாடினார்கள். அவள் மட்டும் பின் பெஞ்சில் கிராப் தாளில் ஏதோ கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா மத்திய அரசு வேலை, ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ். கோடை விடுமுறைக்கு மட்டும் ஊருக்குப் போகிற குடும்பம். ஒரு வருடம் மட்டும் ஏதோ காரணத்தால் கார்த்திகைக்குப் போயிருக்கிறாள். அந்த ஒரு மாலையைத்தான் வரைந்தாள்.

இருட்டு. சுவரெல்லாம் கறுப்பு, வெள்ளைக் கோடுகளில்தான் வீடு. ஓட்டுச் சரிவு சிவப்பு. வாசலில் வெள்ளைக் கோலம். துளசி பச்சை. கதவோரம் பாட்டி. பாட்டியின் முகத்துக்கு நிறம் கிடைக்கவில்லை, எட்டு நிறத்தில் பழுப்பு ஏது? சிவப்புப் புள்ளி ஒன்று, மஞ்சள் புள்ளி ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கண் அதைக் கலந்து முகமாக்கிக்கொண்டது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எட்டு அகல் விளக்குகள். ஒவ்வொரு சுடருக்கும் ஒரு எண்: 8 முதல் 15 வரை. முதலில் எட்டு எண்களுக்கும் கறுப்பு. சுடர்கள் இருக்கும், ஆனால் தெரியாது. கறுப்பின் மேல் கறுப்பு. பிறகு பட்டியலில் ஒவ்வொரு எண்ணாக மஞ்சளுக்கு மாற்றினாள். எக்ஸிபிஷன் நடந்த ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு அதைக் காட்டினோம். ஒரு சுடர், அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. பார்க்க வந்த பெற்றோர் சத்தம் போடாமல் நின்றார்கள். பஞ்சாபி அம்மாள் ஒருவர், “தீவாளியா?” என்று கேட்டார். “இல்லை மேடம், எங்க ஊர்ல இது வேற நாள்” என்றேன்.

நான் செய்த காரியம்

எக்ஸிபிஷன் முடிந்தது. அடுத்த பாட்ச் வந்தது. பிளாப்பிகளுக்குத் தட்டுப்பாடு, ஒவ்வொன்றுக்கும் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நல்ல படங்களை மட்டும் ஒரு பிளாப்பியில் சேர்த்துவிட்டு மற்றவற்றை அழித்து மறுபடி உபயோகிக்கலாம் என்று தீர்மானித்தேன்.

எங்கள் ஐந்தேகால் அங்குலப் பிளாப்பியில் 400 செக்டர்கள், ஒவ்வொன்றிலும் 256 பைட். ஒரு படம் 20,480 பைட், அதாவது 80 செக்டர். எண்பதை ஐந்தால் பெருக்கினால் சரியாக 400. ஐந்து படம் பிடிக்கும் என்றுதானே தோன்றும்? பிடிக்காது. என்னென்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ள பிளாப்பி தனக்கென்று இரண்டு செக்டர் எடுத்துக்கொள்ளும். ஐந்தாவது படத்துக்கு இரண்டு செக்டர் குறையும்! ஆகவே நான்கு படம் மட்டும் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒன்று இவளுடையது. பெயர் ஏழு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ‘விளக்கு’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் கச்சிதமாக ஏழு.

படத்தைச் சேமிக்கும் கட்டளை என்ன செய்யும் என்றால், நினைவகத்தில் திரைக்கு ஒதுக்கிய பகுதியை, இந்த முகவரியிலிருந்து அந்த முகவரி வரை, அப்படியே பிளாப்பியில் எழுதும். 20,480 பைட். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வண்ணப் பட்டியல் அந்தப் பகுதியில் இல்லை. அது புரோகிராமில் வி.டி.யு. 19 என்ற வரிகளாக இருந்தது. அந்தப் புரோகிராம் இருந்த பிளாப்பியைத்தான் நான் அழித்தேன்.

“சார், என் புரோகிராம்?” என்று அவள் கேட்டது நினைவிருக்கிறது. “படம் பத்திரமா இருக்கேம்மா, புரோகிராம் எதுக்கு?” என்றேன். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டாள். அடுத்த வருடம் அவள் அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்

இது என் ஒருவனுக்கு நேர்ந்த சங்கடம் அல்ல. அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நினைவகத்தை மிச்சம் பிடிக்க எண்ணும் பட்டியலும் என்ற வழியைத்தான் பிடித்தன. பட்டியலை எங்கே வைப்பது என்பதில்தான் வித்தியாசம்.

1982-ல் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரமில் பட்டியலை மாற்றவே முடியாது. பதினைந்து நிறம், உலகமெங்கும் அதே பதினைந்து. ஒரு படத்துக்கு 6,912 பைட். புள்ளிகளுக்கு 6,144, எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒவ்வொன்றின் நிறத்துக்குமாக 768. ஏழைமையான ஏற்பாடுதான். ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் வராது. ஆனால் அன்று சேமித்த படம் இன்றும் அதே நிறத்தில் திறக்கும். எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்றால் தொலைய என்ன இருக்கிறது?

1985-ல் வந்த அட்டாரி எஸ்.டி.யில் 512 நிறங்களிலிருந்து பதினாறைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதினாறைப் பொறுக்குவார்கள். அதற்கு வந்த டீகாஸ் என்ற ஓவிய புரோகிராமின் கோப்பு 32,034 பைட். படத்துக்கு 32,000. மிச்சம் 34 எதற்கு? இரண்டு பைட், எந்த வகைத் திரை என்று சொல்ல. முப்பத்திரண்டு பைட், பதினாறு நிறங்களின் பட்டியல். அந்த 34 பைட்டை எழுதியவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அதே 1985-ல் அமீகா கம்ப்யூட்டருக்காக எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வகுத்த படக் கோப்பு முறையிலும் பட்டியலுக்கென்று பெயர் போட்டுத் தனி அறை இருந்தது.

1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறையில் 2,62,144 நிறங்களிலிருந்து 256-ஐ எடுக்கலாம். அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் கம்ப்யூசெர்வ் நிறுவனம் ஜிஃப் என்ற கோப்பு முறையை வெளியிட்டது. வேறு வேறு நிறுவனங்களின் வேறு வேறு கம்ப்யூட்டர்களுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகப் படம் அனுப்ப வேண்டும் என்பது அவர்களின் தேவை. ஆகவே படத்துக்கு முன்னாலேயே பட்டியலை வைத்தார்கள். 256 நிறத்துக்கு மூன்று மூன்று பைட்டாக 768. யார் வீட்டில் திறந்தாலும் ஐந்தாம் எண் என்ன நிறம் என்று கோப்பே சொல்லும். பி.சி.எக்ஸ். என்ற இன்னொரு முறையில் முதலில் பதினாறு நிறத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். 256 வந்ததும் பட்டியலைக் கோப்பின் வாலில் கொண்டுபோய் ஒட்டினார்கள்.

எங்கள் படத்துக்கு எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்? ஒரு எண்ணுக்கு ஒரு பைட் என்று வைத்தால் பதினாறு பைட். 20,480-ஐக் காப்பாற்றியவன் பதினாறை விட்டுவிட்டேன்.

ரோஸ் புடவை

ஸ்டீல் பீரோவின் அடித்தட்டில் பிளாப்பி இருந்தது. தில்லியின் முப்பத்தாறு கோடைகளையும் அதே எண்ணிக்கைக் குளிர்களையும் பார்த்துவிட்டது. நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் நொய்டாவில் வேலை பார்க்கிறார். பழைய கம்ப்யூட்டர்களில் ஆர்வம். பழைய டிரைவ் ஒன்றைச் சிறிய மின்பலகை வழியாக லேப்டாப்பில் இணைத்து, பிளாப்பியின் காந்தத் துடிப்புகளை அப்படியே பதிவு செய்து பிரித்தெடுத்தார். நான்கு படத்தில் ஒன்று போய்விட்டது. ‘விளக்கு’ முழுதாக இருந்தது. 20,480 பைட், ஒன்று குறையாமல்.

பி.பி.சி. மைக்ரோவைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம்கள் இன்று லேப்டாப்புக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் மோட் 2 என்று அடித்துவிட்டுப் படத்தைத் திறந்தோம். பெங்களூரில் அவளும் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு வந்தது. கோலம் வந்தது. ஓடு, துளசி, பாட்டி எல்லாம் வந்தார்கள். எட்டுச் சுடர்களும் கல்யாண மண்டப சீரியல் பல்பு மாதிரி மின்ன ஆரம்பித்தன. ஒன்று கறுப்பு வெள்ளை, ஒன்று சிவப்பு சயான், ஒன்று பச்சை மெஜந்தா. பாட்டி பளீரென்று மெஜந்தாவில் நின்றாள்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சார், இது பாட்டி வீடு இல்லை” என்றாள். “பாட்டி ஆயுசுல ரோஸ் புடவை கட்டினதில்லை சார்.”

நான் செய்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். புரோகிராமை அழித்தது நான்தான் என்று. “விடுங்க சார், அப்ப யாருக்குத் தெரியும்” என்றாள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

எண்கள் சொன்ன கதை

இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, படத்தில் எந்த விளக்குக்கு எந்த எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு புள்ளியைக் குறிப்பிட்டால் அதன் எண்ணைச் சொல்லும் வசதி பேசிக் மொழியிலேயே உண்டு. தாளில் வீட்டை வரைந்து குறித்துக்கொண்டேன்.

இடமிருந்து வலமாக 8, 9, 10 என்று இருக்கும் என எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. 8 துளசி மாடத்தில். 9-ம் 10-ம் வாசலின் இருபுறத்து மாடங்களில். 11 முதல் 14 வரை திண்ணை விளிம்பில். 15 எல்லாவற்றையும் விட்டு விலகி, படத்தின் ஓரத்தில் மாட்டுக்கொட்டில் வாசலில்.

வரிசையாக ஒரு வேலையைச் செய்ய ‘8 முதல் 15 வரை’ என்று ஒரே வரியில் சுழற்சி எழுதக் கற்றுக் கொடுத்தவன் நான்தான். எட்டுத் தனி வரி எழுதினால் மார்க்கைக் குறைப்பேன். மோட் 2-ல் படத்துக்குப் போக எங்களுக்குப் புரோகிராமுக்கு மிஞ்சியது 5,888 பைட்தான். சிக்கனம் பழகாமல் வழியில்லை. ஆகவே அவள் சுழற்சிதான் எழுதியிருப்பாள். எழுதியிருந்தால் இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. விளக்கு ஏற்றிய வரிசை.

காலையில் கூப்பிட்டேன். “பாட்டி கடைசியா எங்கம்மா விளக்கு வைப்பாங்க?”

கொஞ்சம் யோசித்தாள். “கொட்டில்ல சார். மாடுங்க இருட்டுல நிக்கக் கூடாதுன்னு ஒரு விளக்கைத் தனியா எடுத்துட்டுப் போவா. நான் பின்னாடியே போவேன். அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“நீதான் எழுதி வெச்சிருக்கே. பதினஞ்சாம் நம்பர்.”

பட்டியல் தொலைந்தாலும் எண்களில் வரிசை இருந்தது. மீதி இருந்தது புடவை. புடவைக்கு எண் 5. சிவப்புப் புடவை என்றால் ஓட்டுக்குப் போட்ட 1-ஐயே போட்டிருக்கலாம். பச்சை என்றால் துளசிக்குப் போட்ட 2. படத்தில் வேறெங்கும் இல்லாத 5-ஐ ஏன் போட்டாள்? தனி எண் கொடுத்தாள் என்றால் அது மாற வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். இதைச் சொன்னதும் அவளே பிடித்துக்கொண்டாள்.

“ஆமா சார்! முதல்ல நீலம். இருட்டுல நிக்கறா இல்லையா? விளக்கெல்லாம் ஏத்தினப்புறம்தான் புடவையோட கலர் தெரியும்.”

என்ன கலர் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லையாம். “அரக்கு” என்றாராம். எட்டு நிறத்தில் அரக்கு கிடையாது. கிட்டத்தில் இருப்பது சிவப்பு. அதையே போட்டோம். 1987-ல் அவள் என்ன எண் போட்டாள் என்பதை அந்தப் பிளாப்பி ஒரு நாளும் சொல்லாது. இது அவள் அம்மா இன்று சொன்ன நிறம்.

நான்கே வரியில் புரோகிராம் எழுதினேன். அது ஓடுவதை நொய்டாத் தம்பி ஜிஃப் கோப்பாக மாற்றிக் கொடுத்தார். கார்த்திகை தீபத்தன்று மாலை அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். கொட்டில் விளக்கு எரிந்ததும், “மறுபடி போடு” என்றாராம். அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டாள் என்று கணக்கு வைக்கவில்லை என்றாள்.

நம் வீட்டுப் பீரோவிலும்

இதை ஏன் சங்கத்துப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றால், இந்தச் சங்கடம் படத்தோடு நிற்பதல்ல. 1990-களில் நம்மில் பலர் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தோம். அழைப்பிதழ்கள், நாடக வசனங்கள், ஆண்டு மலர்கள். அப்போது ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு பட்டியல். ஒன்றில் ‘க’ ஆக இருக்கும் எண் இன்னொன்றில் ‘ஞ’. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற முறைகளை வகுத்தது. டிஸ்கி என்று இன்னொரு முறையும் இருந்தது. இன்று யூனிகோடு வந்து எல்லோருக்கும் ஒரே பட்டியல் ஆகிவிட்டது. ஆனால் பழைய கோப்புகளைத் திறந்தால் புரியாத குறிகளாகத்தான் வரும். எழுத்து அழியவில்லை. எந்த எழுத்துரு என்ற குறிப்புத்தான் தொலைந்தது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பிளாப்பியோ குறுந்தகடோ வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் கம்ப்யூட்டரில், எந்த புரோகிராமில், எந்த எழுத்துருவில் செய்தது என்று நினைவு இருக்கும்போதே ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். பேனாவால் எழுதினால் போதும். அந்த ஒரு சீட்டு இல்லாமல்தான் எனக்கு ஒரு இரவுத் தூக்கமும், என் மாணவிக்கு ஒரு புடவையின் நிறமும் போயின.

நானும் இந்த முறை ஜாக்கிரதையாக இருக்கிறேன். எட்டு விளக்கும் எரிந்த பிறகு ‘விளக்கு’ படத்தின் வண்ணப் பட்டியல், 0-ஆம் எண்ணிலிருந்து 15-ஆம் எண் வரை, வரிசையாக இதுதான்:

0, 1, 2, 3, 4, 1, 6, 7, 3, 3, 3, 3, 3, 3, 3, 3.

ஆறாவதாக நிற்கும் 1 பாட்டியின் புடவை. கடைசியாக நிற்கும் 3 மாட்டுக்கொட்டில். அச்சில் ஏறிவிட்டது. இனி யாரும் அழிக்க முடியாது, நான் உள்பட.